நான் மட்டும் இருந்த குரூப்

கன்னியம்மா ஒரு ஆப் செய்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது பொறாமை. முதலில் சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் மனசு கெட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். நேராகப் பொறாமைதான் வந்தது. அதுவும் காலை ஐந்தே முக்காலுக்கு, கம்பெனி பஸ்ஸில், டீகூடக் குடிக்காத வெறும் வயிற்றில்.

என் பெயர் சாராள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயரிங் செட் கட்டும் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. இப்போது மூன்றாம் லைனுக்கு லீடர். படித்தது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எழுபத்து நாலு சதவீதம். கன்னியம்மா படித்தது பிளஸ் டூ, அதுவும் காமர்ஸ். என் லைனில் ஒயர் முனைகளைக் கனெக்டரில் சொருகுகிற வேலை. பெரியபாளையத்தில் கிளம்பும் பஸ்ஸில் அவள் ஆரணியில் ஏறுவாள், நான் கவரைப்பேட்டையில். நாலு வருடமாக எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பவள் அவள்தான். அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைப் பாருங்கள்.

"அக்கா, இத்த பாரேன்," என்று போனை நீட்டினாள். பச்சைக் கட்டத்துக்குள் 'சொருகு' என்று எழுதியிருந்தது. "நானே செஞ்சது. பிளே ஸ்டோர்ல ஏத்திட்டேன்."

"நீயா?"

"ஆமாக்கா. யூடியூப் பாத்துத்தான். ஒரு வருசமா ஊட்டுல கூட சொல்லாம செஞ்சிக்கினு இருந்தேன்."

எங்கள் கம்பெனிப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் லைன் குரூப், ஷிப்ட் குரூப், பஸ் குரூப், தெரு குரூப் என்று ஏகப்பட்டது உண்டு. கம்பெனி அனுப்பும் டிரெயினிங் வீடியோ, பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப் லிங்க், மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது என்று யாரோ எழுதிய குறிப்பு, எல்லாம் அதில்தான் வரும். மறுநாளே குட்மார்னிங் பூக்களுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். தேவைப்படும்போது "அந்த லிங்க இன்னொரு தபா அனுப்புடி" என்று யாரையாவது கெஞ்ச வேண்டும். சொருகு இருந்தால், வந்த லிங்கை ஷேர் அழுத்தி அதற்குள் தள்ளிவிடலாம். பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுதலாம். ஸ்கூல், மெஷின், சமையல் என்று கட்டுக் கட்டாகப் பிரித்து வைக்கலாம். கரண்ட் பில்லைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைப்போமே, அதேதான்.

எவ்வளவு சாதாரண விஷயம். அதுதான் எரிந்தது. பெரிய ராக்கெட் விட்டிருந்தால்கூட ஆச்சரியப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. கல்லூரியில் நான் எழுதிய லைப்ரரி புரோகிராமை மேடம் வகுப்பு முழுக்கக் காட்டினார்கள். அந்த மூளையை ஒன்பது வருடமாக ஒயர் எண்ணுவதற்குச் செலவழித்துக்கொண்டிருந்தேன் நான்.

"நல்லாருக்கு," என்றேன். போனைத் திருப்பி அவள் கையில் திணித்தேன்.

ஒரு மாதத்தில் எங்கள் லைன் முழுக்க சொருகு. இரண்டு மாதத்தில் கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் சொருகு. காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் இம்மானுவேலும் போட்டுக்கொண்டார். "உன் ஃபிரண்டு கெட்டிக்காரிதான் சாரா, எங்க யார்டு பசங்களுக்கெல்லாம் ஏத்திவுட்டேன்," என்று சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார். அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்துபோனேன். மறந்துபோனேன் என்று சொல்லிவைக்கிறேன்.

நானும் அந்த ஆப்பை ஏற்றினேன். குறை கண்டுபிடிப்பதற்காக.

குறைகளை எங்கே எழுதுவது? அவள் ஆப்பிலேயே எழுத என் மானம் இடம் கொடுக்கவில்லை. எனக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. பெயர் 'நான் மட்டும்'. குரூப் தொடங்க இன்னொரு ஆள் வேண்டுமே, அதற்காகப் பலரும் யாரையாவது சேர்த்துவிட்டு உடனே தூக்கிவிடுவார்கள். நான் அவ்வளவு கூட மெனக்கெடவில்லை. அப்போது என்னிடம் இரண்டு போன் இருந்தது. என் இன்னொரு நம்பரையே சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கமும் நான், இந்தப் பக்கமும் நான். மளிகை லிஸ்ட், பைபிள் வசனம், மாமியார் மேல் இருக்கிற ஆத்திரம், எல்லாவற்றையும் ஆறு வருடமாக அதில்தான் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதில் சொருகைப் பற்றியும் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் எழுதியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. 'தேதி வச்சித் தேட முடியல. போன வாரம் சொருவினத எப்படி எடுப்பாளாம், மூதேவி.'

பத்து நாள் கழித்து அப்டேட் வந்தது. தேதி வைத்துத் தேடும் வசதி.

சரி, இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்து எழுதினேன்: 'ஒரே லிங்க மூணு தபா போட்டாலும் வாங்கிக்குது. ஏற்கெனவே இருக்குன்னு சொல்லத் தெரியல. பிளஸ் டூ புத்தி அவ்ளோதான்.' அடுத்த அப்டேட்டில், 'இது ஏற்கெனவே சொருகியிருக்கிறது' என்று ஆப் சொன்னது. செத்துப்போன லிங்குகளைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று எழுதினேன், வந்தது. நெட் இல்லாமல் குறிப்பைப் படிக்க முடியவில்லை என்று எழுதினேன், அதுவும் வந்தது.

 நான் யோசிப்பதை அப்படியே யோசிக்கிறாள். எனக்கு ஒரு நாள் முன்னால் இல்லை, ஒரு வாரம் பின்னால்தான் யோசிக்கிறாள், ஆனால் செய்துவிடுகிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வருவாள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் அவள் விரல்களைப் பார்ப்பேன். அந்த விரல் பத்தும் என் கையில் இருந்திருக்க வேண்டியது என்று தோன்றும்.

ஆடி மாதத்தில் இன்னொரு இடி விழுந்தது. பெரியபாளையம் கோயில் கூட்டத்தில் மாட்டி பஸ் லேட்டாக வந்த நாள். கேட்டிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டிரெயினிங் செக்‌ஷனில் ஒரு இடம் காலி, உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம்.

அந்த இடத்துக்குத்தான் நான் நாலு வருடமாகக் காத்திருந்தேன். புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்காலி உண்டு. பகல் வேலை மட்டும். நின்று நின்று என் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சுப் போட்டு நிற்கிறது. டாக்டர் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறுங்கள் என்கிறார், மாத்திரை எழுதித் தருவதுபோல. அன்றைக்கே விண்ணப்பம் கொடுத்தேன். மறுநாள் எச்.ஆர். மேனேஜர் பாக்கியராஜ் சார் லைனுக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போய் கன்னியம்மாவின் முன்னால் நின்றார்.

"உன் ஆப்ல நம்ம டிரெயினிங் வீடியோ எல்லாம் போட முடியுமாம்மா? நீயும் அப்ளிகேஷன் குடேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒயர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. எங்கள் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மீறினால் விசாரணைகூடக் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கன்னியம்மா ஒருநாள் யூனிஃபார்ம் கோட்டுக்குள் போனை மறைத்து எடுத்துவந்து, மெஷினின் அலாரம் பலகையைப் போட்டோ எடுத்ததை நான் பார்த்திருந்தேன். அந்த அலாரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆப்பில் குறிப்பு போடுவதற்காக எடுத்தாள். பார்த்தும் சும்மா இருந்தேன். நல்ல மனசால் இல்லை. சமயம் வரட்டும் என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், புடவைகூட மாற்றாமல், கம்ப்ளெயிண்டை எழுதினேன். எதையும் முதலில் 'நான் மட்டும்' குரூப்பில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன். அது என் பழக்கம். 'மதிப்புக்குரிய ஐயா, கடந்த பதினாலாம் தேதி மாலை மூன்று மணியளவில் எங்கள் லைனில் பணிபுரியும் மு. கன்னியம்மா என்பவர்' என்று தொடங்கி பதினோரு வரி. அனுப்பினேன். ஒரு தடவை படித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அரிசி களையப் போனேன்.

போன் சத்தம் கொடுத்தது. 'நான் மட்டும்' குரூப்பில் ஒரு மெசேஜ். அனுப்பியது 'சாரா பழைய நம்பர்'.

'அக்கா, பதினாலாந்தேதி நான் லீவு. போனு எடுத்துனு போனது பதினாறு. தேதிய மாத்திக்கோ.'

கை ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் போன் கிடையாது. பாவம் என்று என் பழைய போனை சிம்மோடு கொடுத்தேன். பிறகு அவள் புதுப் போன் வாங்கினாள். நான் அந்தப் பழைய போனைத் திருப்பிக் கேட்கவுமில்லை, அதைப் பற்றி நினைக்கவுமில்லை. சிம் செத்து எவ்வளவோ நாளாகிறது. ஆனால் அதிலிருந்த வாட்ஸ்அப் சாகவில்லை. எனக்கு நானே அனுப்பிக்கொள்வதை யாராவது படித்திருக்கிறார்களா என்று எந்தப் பைத்தியம் நீல டிக் பார்க்கும்?

திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருந்தாள். உட்கார்ந்தேன். ஓடுகிற பஸ், எந்தப் பக்கம் இறங்கித் தப்பிப்பது.

"எத்தினி நாளாடி படிச்சிக்கினு இருக்க?"

"ஆப் ஆரம்பிச்சதுலருந்து," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "சின்ன போன்ல ஓடுதா, ஸ்லோவா ஓடுதான்னு பாக்கணும்ல. அதுக்கு அந்தப் பழைய போனத்தான் வச்சிருந்தேன். வாட்ஸ்அப்லருந்து ஷேர் பண்ணிப் பாக்க லிங்க் வேணும். அதுல வந்துக்கினே இருந்தது உன் குரூப்ல மட்டுந்தான். மொதல்ல லிங்க்தான்கா எடுத்தேன். அப்புறம் நீ ஆப்பப் பத்தி எழுத ஆரம்பிச்ச."

"எல்லாத்தியும் படிச்சியா?"

"எல்லாத்தியும்."

நான் எழுதியவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவள் பல்லைப் பற்றி. அவள் அம்மா களை எடுக்கப் போவதைப் பற்றி. கல்யாணம் தட்டிப்போனதைப் பற்றி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே வேறு ஒன்று உறைத்து, வெட்கம் எல்லாம் கோபமாக மாறியது.

"அப்போ அந்த ஐடியா எல்லாம் என்னுது. திருடிக்கினியே."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எழுதறத நிறுத்திடுவ," என்றாள் கன்னியம்மா. "எல்லாரும் சூப்பருன்னுதான்கா சொல்றாங்க. நீ ஒருத்திதான் ஒழுங்கா திட்டுன."

கும்மிடிப்பூண்டி வந்தது. இறங்கும்போது, "கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். "குடுப்பேன்," என்றேன். தேதியைத் திருத்தி, பேப்பரில் எழுதி, கைப்பையில் வைத்திருந்தேன்.

புதன்கிழமை பாக்கியராஜ் சார் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார். ஆபீஸ் கட்டிடத்தில் போன் வைத்துக்கொள்ளலாம் என்பதால் லாக்கரிலிருந்து எடுத்துக்கொண்டு போனோம். மற்றவர்களை எல்லாம் கழித்துவிட்டாராம், மிச்சம் நாங்கள் இரண்டு பேர். என்னிடம் படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி. அவளிடம் ஆப்பைப் பற்றி இருபது கேள்வி.

"இதெல்லாம் நீயாவே யோசிச்சியாம்மா? இல்ல யாராவது சொன்னாங்களா?"

கன்னியம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நானாத்தான் யோசிச்சேன் சார்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. பஸ்ஸில் திருடினேன் என்று ஒப்புக்கொண்டவள், நாற்காலி தெரிந்ததும் பேச்சை மாற்றுகிறாள். கைப்பையைத் திறந்தேன். கம்ப்ளெயிண்டும் இருந்தது, போனும் இருந்தது. போனை எடுத்துக் குரூப்பைத் திறந்தேன். அதை சாரிடம் நீட்டினால் போதும். ஐடியா என்னுடையது என்பதற்கும் அத்தாட்சி, போன் கொண்டுபோனேன் என்று அவளே எழுதிக்கொடுத்த அத்தாட்சியும் அதிலேயே. ஆனால் சார் மனசுக்குள் படித்துக்கொண்டு தலையாட்டிவிடுவார். எனக்கு அது போதவில்லை. அது அவள் வாயால் வர வேண்டும்.

போனை அவள் கையில் வைத்தேன். "நீயே படி. சார் கேக்கட்டும்."

அவள் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். பிறகு படித்தாள். எதையாவது விழுங்குவாள் என்று பார்த்தேன், விழுங்கவில்லை.

"'தேதி வச்சித் தேட முடியல. போன வாரம் சொருவினத எப்படி எடுப்பாளாம், மூதேவி.'"

பாக்கியராஜ் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"'ஏற்கெனவே இருக்குன்னு சொல்லத் தெரியல. பிளஸ் டூ புத்தி அவ்ளோதான்.' 'பட்டன் கலரப் பாரு, சாயம் போன நைட்டி மாதிரி. கருப்புல எழுத்துப் போட்டா வெயில்ல தெரியும்னு கூட தெரியாத ஜென்மம்.' 'லிங்க் செத்துப்போச்சுன்னா காட்டணும். இவளுக்கு எங்க காட்டத் தெரியும், பல்லத்தான் காட்டத் தெரியும்.'"

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் படித்துக்கொண்டே போனாள். மூன்றாவதிலேயே போதும் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஏழெட்டு வரைக்கும் கேட்டேன். சார் ஏ.சி. ரிமோட்டை எடுத்து எதற்கோ அழுத்தினார்.

"யாரும்மா எழுதினது இது?"

"சாராக்கா எழுதினது சார்."

"யாரப் பத்தி?"

"என்னப் பத்தித்தான் சார்."

கடைசியாகக் கம்ப்ளெயிண்ட் இருந்த இடத்துக்கு வந்துவிட்டாள் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "அவ்ளோதான் சார். ஐடியா எல்லாம் அக்காவுது. செஞ்சது நான். மொதல்ல சொன்னது பொய்."

பாக்கியராஜ் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஹெட் ஆபீசுக்கு ஒரு பேருதான் அனுப்ப முடியும். இந்தப் பேஜாரெல்லாம் எனக்கு வேணாம். வெளிய போய் நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. பத்து நிமிஷம்."

வெளியே தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றோம். என் கால் கடுத்தது. அவள் ஒரு பேப்பர் டம்ளரில் தண்ணீர் பிடித்து எனக்குக் கொடுத்தாள்.

"நீயே போக்கா," என்றாள். "உன் காலப் பத்தி எனக்குத் தெரியாதா. நீதான் படிச்சிருக்க. நான் லைன்லயே இருந்துக்கறேன், ஆப்பு எனக்குப் போதும்."

தண்ணீரைக் குடித்து முடித்தேன். நாலு வருடமாக வேண்டியது கைக்கு வந்துவிட்டது. 'சரிடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த நேரத்திலும் எனக்குள் எழுந்தது அதே சனியன்தான். ஆப்பில் முந்தினாள். மேனேஜர் முன்னால் உண்மையைச் சொல்லி முந்தினாள். இப்போது பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொள்கிறாள். சாயந்திரம் பஸ் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும்: கன்னியம்மா விட்டுக்கொடுத்தாளாம், தன்னை அவ்வளவு திட்டினவளுக்கே விட்டுக்கொடுத்தாளாம். அந்த நாற்காலியில் நான் உட்காரும் ஒவ்வொரு நாளும் அது அவள் கொடுத்த நாற்காலி. அதை என்னால் தாங்க முடியாது.

டம்ளரைக் கசக்கிப் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் நடந்து கதவைத் திறந்தேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார், கன்னியம்மா பேரையே போடுங்க," என்றேன். "உழைச்சது அவதான்."

சொல்லும்போதே என் மனசுக்குள் மிச்சமும் ஓடிவிட்டது. அவள் வேண்டாம் சார், அக்காவுக்கே கொடுங்க என்பாள். நான் இல்லை, அவளுக்குத்தான் என்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு வாய் பிரியாணி கொடுத்தால்கூட மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை வாங்குவார்கள். மூன்றாவது தடவை சார் சலித்துப்போய், சீனியர் நீதான், நீயே வாம்மா என்று முடித்துவிடுவார். நல்ல பெயரும் எனக்கு, நாற்காலியும் எனக்கு.

பாக்கியராஜ் சார் கன்னியம்மாவைப் பார்த்தார். "என்னம்மா, அவங்க சொல்றது உனக்குச் சரியா?"

"சரிங்க சார்," என்றாள் அவள்.

சார் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.